மாப்பிள்ளையின் மூக்கு

வடசெங்கரை நகராட்சியின் கழிவுநீர் இயந்திரக் கொட்டகை ஊருக்கு வெளியே, குப்பைக் கிடங்கை ஒட்டி இருந்தது. வேறு எங்கே வைப்பார்கள். சகாயராணி வாசலுக்கு நூறு அடி முன்னாலேயே ஸ்கூட்டரை நிறுத்திவிடுவாள். ஒரு முகக்கவசம், அதன் மேல் இன்னொன்று, கைக்கு உறை, பென்டிரைவுகளுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. இத்தனை ஏற்பாட்டோடு உள்ளே போய், இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் போட்டிருந்த உடுப்பை வாளியில் போட்டுக் கிருமிநாசினியை ஊற்றுவாள். தலைக்கு இரண்டு தரம் ஷாம்பு போட்ட பிறகும் அந்த வாடை போகவில்லையோ என்று சந்தேகமாகவே இருக்கும். விமலம் ஆட்டோமேஷன்ஸில் சர்வீஸ் என்ஜினீயராகச் சேர்ந்ததிலிருந்து அவள் மனசார வெறுத்த இடம் அந்தக் கொட்டகைதான்.

அங்கே ஆறு இயந்திரங்கள் நின்றன. ஆள் உயரம், எட்டுக் கால். கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு சாக்கடைக் குழிக்குள் இறங்கும், அடைப்பை நறுக்கும், சகதியை உறிஞ்சி மேலே லாரிக்கு அனுப்பும். நிறுவனம் வைத்த பெயர் ஏதோ ஆங்கில எழுத்தும் எண்ணும். அதை யாரும் சொல்லி சகாயராணி கேட்டதில்லை. அங்கே வேலை செய்தவர்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை.

"பின்ன இன்னா மேடம்," என்று ஆபரேட்டர் முனிரத்தினம் முதல் நாளே விளக்கம் கொடுத்திருந்தார். "வண்டில வராரு. எறங்கறதுக்கு முன்னாடி எண்ணெ போடணும். ஏறினதும் குளிப்பாட்டணும். வெயில்ல நிக்க மாட்டாரு, மழைல நனைய மாட்டாரு. மாப்பிள்ளைன்னு சொல்லாம வேற இன்னான்னு சொல்றது?"

முனிரத்தினத்துக்கு நாற்பத்திரண்டு வயது. பதினெட்டு வயதில் குழிக்குள் இறங்க ஆரம்பித்தவர், இயந்திரம் வரும்வரை இருபத்தொரு வருஷம் இறங்கினார். குழிக்குள் மனிதன் இறங்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை மீறுகிற வழக்கம் வடசெங்கரை நகராட்சிக்கு இல்லாததால், அந்த இருபத்தொரு வருஷத்தில் அவர் இறங்கியதாக எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது. இப்போது அவர் கையில் ரிமோட் பெட்டி இருந்தது. மாப்பிள்ளையை அவர் கேலி செய்தாலும், அதன் கால்களை அவர் துடைக்கிற அக்கறையைப் பார்த்தால் கேலி எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும்.

அன்று நான்காம் பதிப்பு போட வேண்டிய நாள். இயந்திரத்தின் வயிற்றுக்குள் ஒரு சின்னக் கணினி. அது கண் விழித்ததும் முதலில் படிக்கிற கட்டளைகளுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். அதை மாற்றினால் இயந்திரத்தின் சுபாவமே மாறிவிடும். வெளியிலிருந்து யாரும் கைவைத்துவிடக் கூடாது என்று இணையத் தொடர்பே இல்லாமல் செய்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொன்றுக்கும் நேரில் போய்ப் பென்டிரைவ் சொருகித்தான் மாற்ற வேண்டும். கோப்பைச் சும்மா காப்பி பண்ணிக்கொண்டு போனால் நடக்காது. பென்டிரைவைச் சுத்தமாக ஃபார்மட் செய்து, அதிலிருந்தே கணினி எழுந்திருக்கும்படி பூட்டபிளாக ஆக்கி, எழுதியது ஓர் எழுத்துப் பிசகாமல் ஏறியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

இதில் சகாயராணியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளுக்கென்று ஒரு வழக்கமும் உண்டு. எப்போதும் இரண்டு பென்டிரைவ் தயார் செய்வாள். சிவப்பு மூடி போட்டதில் புதுப் பதிப்பு இருக்கும், நீல மூடி போட்டதில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த பழைய பதிப்பு இருக்கும். பாதியில் ஏதாவது கெட்டுப்போனால் திரும்பி வர வழி வேண்டுமே. கூட வேலை செய்கிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் மூன்று பேர் ஆளுக்கொரு இயந்திரத்தின் சர்க்யூட் போர்டைச் சாகடித்துவிட்டு அவளிடமே நீல மூடி கேட்டு வந்திருக்கிறார்கள்.

சிவப்பு மூடியைச் சொருகி, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். நீலத் திரை வந்தது. ஒரு வெள்ளைக் கோடு எறும்பு வேகத்தில் நகர்ந்தது. பதினோரு நிமிஷம். அதற்குள் கரெண்டு போகக் கூடாது.

"டீ சொல்லட்டுமா மேடம்?" என்றார் முனிரத்தினம்.

"வேண்டாங்க. எனக்கு அல்சர்."

மூன்று வருஷமாக அந்தக் கொட்டகை வாசலில் மட்டும் அவளுக்கு அல்சர் இருந்தது. முனிரத்தினத்துக்கும் அது தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"இதுல இன்னா புதுசா போடறீங்க?"

"இனிமே மெஷினே தன்னைக் காப்பாத்திக்கும். உள்ள நிலைமை மோசமா இருந்தா எறங்காது."

"எறங்காதா?" அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியை நிறுத்தினார். "யார் சொன்னாலுமா? ஆய்வாளர் சொன்னாலுமா?"

"யார் சொன்னாலும்."

முனிரத்தினம் மறுபடி இயந்திரத்தின் காலைத் துடைக்க ஆரம்பித்தார். "குடுத்துவெச்ச மாப்பிள்ளை," என்றார்.

மூன்று வாரம் கழித்து, நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்து, கடைவீதிக் கல்யாண மண்டபத்தின் முன்னால் சாக்கடை பொங்கியது. பொங்கியதற்குக் காரணம் மண்டபமேதான். வருஷக்கணக்கில் மிச்ச எண்ணெயையும் சாம்பாரையும் எச்சில் இலைகளையும் அந்தக் குழிக்குள்ளேயே தள்ளிக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் உள்ளே மெழுகாக உறைந்து, மேலே வழி தேடிக்கொண்டு வந்துவிட்டது. வாசலில் ஒரு பெண் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் காலுக்கு ஆறடி தள்ளி மலம் மிதந்தது. விருந்தாளிகள் பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏதோ முனிரத்தினமே கொண்டுவந்து கொட்டிவிட்ட மாதிரி அவரை முறைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

மாப்பிள்ளை குழியின் விளிம்புவரை போனது. இரண்டு கால்களை உள்ளே வைத்தது. எடுத்துக்கொண்டது. ரிமோட் பெட்டியில் 'விலகல்' என்று சிவப்பு எழுத்து வந்தது. முனிரத்தினம் ஐந்து தடவை அனுப்பினார், ஐந்து தடவையும் திரும்பிவிட்டது. துப்புரவு ஆய்வாளர் பரமகுரு நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கத்தினார். அரை மணியில் சகாயராணி வந்து சேர்ந்தாள். மடிக்கணினியைச் சொருகி எல்லாவற்றையும் பார்த்தாள்.

"மெஷின்ல கோளாறு இல்ல சார். உள்ள நெலமை மோசம். அது சொல்றது சரிதான்."

"அப்ப மெஷின் நல்லா இருக்கு."

"நல்லா இருக்கு."

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தாள். தான் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. பரமகுரு காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆட்கள் பக்கம் திரும்பினார். இறங்கு என்று அவர் சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லாமலே இருபது வருஷம் உத்தியோகம் பார்த்தவர் அவர். "பத்தரைக்குப் பந்தி. யாராவது சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துடுங்கப்பா," என்றார்.

முனிரத்தினம் சட்டைப் பொத்தானில் கைவைத்தார். அதற்குள் எத்திராஜ் பனியனைக் கழற்றிவிட்டான். முனிரத்தினத்தின் தங்கை புருஷன், முப்பத்தோரு வயது. "நீ இரு மச்சான், உனக்கு மூச்சு வாங்குது," என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். நான்கு நிமிஷம் கழித்துக் கயிறு ஆடுவது நின்றுபோனது. இழுத்தார்கள்.

அவன் வெளியே வந்த கோலத்தைச் சகாயராணி பிறகு பல நாள் மறக்க முயன்றாள். கண், மூக்கு, வாய் எல்லாம் கரிய சகதி. முனிரத்தினம் தன் விரலை அவன் வாய்க்குள் விட்டு வழித்து எடுத்துப் போட்டார். மண்டபத்து மேனேஜர் தண்ணீர்க் குழாயோடு ஓடி வந்தார். வாசல் படியில் தெறித்திருந்ததைத்தான் முதலில் கழுவினார். கூட்டம் பின்வாங்கியது. அவளும் இரண்டு அடி பின்வாங்கினாள். அந்த இரண்டு அடிதான் அவளை மறக்க விடவில்லை.

எத்திராஜ் பிழைத்துக்கொண்டான். பதினேழு நாள் அரசு ஆஸ்பத்திரி. நுரையீரல் வெந்துபோய்விட்டது என்றார்கள். இப்போது கட்டிலிலிருந்து கொல்லைப்புறம் போவதற்குள் இரண்டு தடவை உட்கார்கிறான், பேச்சு காற்றாகத்தான் வருகிறது. நகராட்சிக் கோப்பில், 'சாலையோரம் மயங்கி விழுந்தார். இயந்திரம் நல்ல நிலையில் இருந்தது, சான்று இணைப்பு' என்று எழுதியிருக்கிறது. அந்தச் சான்றில் அவள் கையெழுத்து.

அடுத்த மாதச் சர்வீசுக்குப் போனபோது சகாயராணிக்குக் கொட்டகைக்குள் நுழையவே கூச்சமாக இருந்தது. முனிரத்தினம் எதையும் முகத்தில் காட்டவில்லை. டீ சொல்லட்டுமா என்றுகூட வழக்கம்போலக் கேட்டார். அவள் பதிவுகளை இறக்கிப் பார்த்தாள். அதுதான் ஆச்சரியம். முதல் மூன்று வாரத்தில் முப்பத்தெட்டு விலகல். அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை.

"என்ன பண்ணினீங்க?"

முனிரத்தினம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இயந்திரத்தின் முன்பக்கத்தில் இருந்த கம்பிவலையைக் காட்டினார். அதற்குப் பின்னால்தான் வாசனை அறியும் கருவி. வலையில் ஒரு சின்னத் துணி முடிச்சு தொங்கியது.

"கற்பூரம் மேடம். நாங்க எறங்கும்போது ரெண்டு மூக்குலயும் கிள்ளி வெச்சிக்குவோம். இவுரு முறுக்கிக்கினு நிக்கறதப் பாத்தா, மொத தடவ எறங்குற ஆளு மாதிரியே இருந்தாரு. சரி, வெச்சித்தான் பாப்போமேன்னு வெச்சேன். ஒரு தும்மலு கூட இல்ல, நேரா எறங்கிட்டாரு." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "எத்திராஜுக்கு அப்புறம் ஒரு ஆளும் எறங்கல. அது போதும்."

சகாயராணி சிரித்துவிட்டாள். அந்தக் கொட்டகைக்குள் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியில்தான் அவள் மடத்தனம் செய்தாள். சர்வீஸ் அறிக்கையில் 'களக் குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் காலியாக விட்டுவிடும் அந்தக் கட்டத்தை எப்போதும் ஒழுங்காக நிரப்புகிறவள் அவள். அன்றும் நிரப்பினாள்: 'ஆபரேட்டர்கள் உணர்கருவியின் அருகே கற்பூரம் வைக்கிறார்கள். அதன்பின் விலகல் நிகழ்வதில்லை.'

பத்தாம் நாள் ஹரிநாத் அவளைக் கூப்பிட்டான். தயாரிப்புப் பிரிவின் தலைவன். குழிக்குள் இறங்குகிற இயந்திரத்தை வடிவமைக்கிறவன், ஒரு குழியையும் கிட்டத்தில் பார்த்ததில்லை. அவன் அறையில் எலுமிச்சை வாசனை ஊதும் பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தடவை புஸ் என்றது.

"சூப்பர் கேட்ச் ராணி. கற்பூரம்னு எங்க யாருக்குமே தோணலை. நாலு புள்ளி ரெண்டு வெர்ஷன் ரெடி பண்ணியாச்சு. அந்த ஓட்டையை அடைச்சாச்சு. இனி கற்பூரம் வெச்சாலும் ஏமாறாது."

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "கற்பூரம் வெச்சா ஏன் சார் எறங்கிச்சு? உள்ள வாயு அப்படியேதானே இருந்தது?"

"அது வாயுவோட அளவை மட்டும் பார்க்கறதில்லை. வெறும் அளவை வெச்சுப் பார்த்தா சரியா வரலை, சாக்கடைல ஒரு நாளைக்கு ஒரு கலவை. அதனால மனுஷங்ககிட்டேர்ந்து கத்துக்க வெச்சோம். எந்த நாத்தத்துக்கு உடம்பு பின்வாங்குது, எப்ப குமட்டுது, எப்ப மூச்சு தானா நிக்குது. அருவருப்பு இருக்கே, அதான் உலகத்துலயே ரொம்பப் பழைய பாதுகாப்புக் கருவி. அதை அப்படியே மெஷினுக்குக் குடுத்துட்டோம்." அவனுக்குச் சொல்லச் சொல்ல உற்சாகம் வந்தது. "ஆனா அவங்க கற்பூரம் வெச்சிட்டு இறங்கின பதிவுகளும் உள்ள கலந்துருச்சு. கற்பூரம்னா இறங்கலாம்னு அதையும் சேர்த்துக் கத்துக்கிச்சு. இப்ப எடுத்தாச்சு."

"எடுத்தா மறுபடியும் எறங்காது."

"எறங்கக் கூடாது. அதானே வேணும். பழைய பதிப்புல ஒரு மெஷின் பதினாலு மாசத்துல அரிச்சுப்போச்சு. இப்ப அஞ்சு வருஷம் நிக்கும்."

"மெஷின் எறங்கலன்னா ஆளை எறக்கறாங்க சார். ஒருத்தருக்கு நுரையீரல் போயிருச்சு."

"கேள்விப்பட்டேன். ரொம்ப ஸேட். ஆனா ஆள் இறங்கறது சட்டப்படி குத்தம். அந்தக் குத்தத்தைப் பண்றது நகராட்சி. அது நம்ம ஸ்கோப்ல வராது." பெட்டி புஸ் என்றது. "வெள்ளிக்கிழமைக்குள்ள வடசெங்கரைல ஆறுக்கும் போட்டுடுங்க. முடிஞ்சதும் பென்டிரைவ்ல வர்ற அறிக்கையை எனக்கு மெயில் பண்ணுங்க."

"அந்த மனுஷங்க யாரு சார்? மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தவங்க?"

"வாலண்டியர்ஸ்தான். ஹெல்த் கேம்ப் மாதிரி ஒண்ணு நடத்தினோம். டிபன் பாக்ஸ் எல்லாம் குடுத்தோமே."

சகாயராணி தன் மேஜைக்கு வந்து பென்டிரைவை எடுத்தாள். ஃபார்மட் செய்தாள். நாலு புள்ளி ரெண்டை ஏற்றுவதற்கு முன், வழக்கம்போல, பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று கோப்புகளைப் பிரித்துப் பார்த்தாள். ஒரே ஒரு கோப்புதான் மாறியிருந்தது. இயந்திரம் எதைப் பார்த்து எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்று சொல்லும் அளவுகோல் அது. முன்பு பல ஆட்களின் பதிவு கலந்திருந்தது. கற்பூரம் வைத்தவை எல்லாவற்றையும் கழித்துவிட்டு, இப்போது ஒரே ஆளின் ஒரே நாள் பதிவை முழு அளவுகோலாக வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் அதன் தலைப்பை அழிக்க மறந்துவிட்டார். மாதிரி எண் ஏழு. ஆண், வயது முப்பத்தொன்பது. வடசெங்கரை, குமரன் வீதி, பதினான்காம் குழி. எதிர்வினையின் தரம்: மிகச் சிறப்பு.

அவள் முனிரத்தினத்துக்குப் போன் செய்தாள்.

"குமரன் வீதியா?" என்றார் அவர். "பாத்திரக் கடைக்கு எதுத்தாப்புல இருக்குமே, அந்தக் குழியா? ஆமா மேடம், மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடி. ஹெல்த்து கேம்ப்புன்னாங்க. நெஞ்சுல ஒரு பெல்ட்டு கட்டினாங்க, மூக்குக்குக் கீழ சின்னதா ஒரு டப்பா. ரெண்டு மாசம் அதோடயே எறங்கினோம். ஒரு நாளு ஒரு பொண்ணு வந்து, இன்னிக்கு கற்பூரம் வேணாம், குடிக்கவும் வேணாம், சும்மா எறங்குங்கன்னுச்சு."

"எறங்கினீங்களா?"

"எறங்கினேன். அத்தினி வருசத்துல வராத வாந்தி அன்னிக்கு வந்திச்சு. மேல ஏறி ரோட்லயே எடுத்தேன். ஜனங்க பாக்குறாங்க, எனக்கு மானம் போவுது. அவங்க அந்த டிவிப் பொட்டியப் பாத்துட்டு, ரொம்ப நல்லா வந்திருக்குன்னு கை தட்டினாங்க. இன்னொரு தடவ எறங்கச் சொன்னாங்க."

"மறுபடியுமா?"

"எறங்காம? டிபன் பாக்ஸு கடைசி நாளுதானே குடுத்தாங்க." போனில் அவர் சிரிக்கிற மாதிரி இருந்தது. "ஏன் மேடம், இப்ப எதுக்குக் கேக்கறீங்க?"

சகாயராணி சொன்னாள். மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. இயந்திரம் பின்வாங்குவது அவருடைய குமட்டலைக் கொண்டுதான் என்று சொன்னாள். கற்பூர விஷயத்தை ஆபீசில் எழுதிக் கொடுத்தது தான்தான் என்பதையும் சொன்னாள்.

"அப்ப முடியாதுன்னு அது சொல்றது," என்றார் முனிரத்தினம், "நான் சொன்னதா?"

அவள் போனை வைத்தாள். யாரோ எலுமிச்சை வாசனைப் பெட்டியை அவர்கள் கூடத்திலும் மாட்டியிருந்தார்கள், அது புஸ் என்றது. கழிவறைக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். மூன்று வருஷத்தில் அந்தக் கொட்டகையில்கூட அவளுக்கு இப்படி வந்ததில்லை. ஒரு மனிதனை வாந்தியெடுக்க வைத்து, அதைப் பார்த்துக் கை தட்டி, அவன் உடம்பு வேண்டாமென்று சொன்னதை அவனிடமிருந்து வழித்தெடுத்து ஓர் இரும்புக்குக் கொடுத்துவிட்டு, இரும்பு மறுத்த குழிக்குள் அவனையே இறங்க வைக்கிறார்கள். இதில் எந்த இடத்திலும் யார் கையிலும் அழுக்கு ஒட்டவில்லை. அவள் கையிலும் எப்போதும் உறைதான் இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நீல மூடியை எடுத்தாள். அதில் இப்போது நான்காம் பதிப்பு இருந்தது. அதையும் அழித்தாள். பழைய பெட்டியைத் துழாவி மூன்றாம் பதிப்பைத் தேடி எடுத்தாள். மூன்றில் வாசனைக் கருவி வெறுமனே அளக்கும். அளந்ததை எழுதி வைத்துவிட்டு இயந்திரம் பேசாமல் இறங்கிவிடும். பதினாலு மாசத்தில் அரித்தும் போகும்.

நான்கு ஏறிய இயந்திரம் மூன்றை லேசில் ஏற்காது. ஆனால் போர்டு செத்துப்போனால் பிழைக்க வைக்கத் தொழிற்சாலைக்காரர்கள் ஓர் அவசர வழி வைத்திருந்தார்கள். கோப்புக்கு ஒரு குறிப்பிட்ட பெயர் வைத்து, இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால், எதைக் கொடுத்தாலும் விழுங்கிக்கொள்ளும். சாகடித்த போர்டுகளைப் பிழைக்க வைத்துப் பழகிய அவளுக்கு அது அத்துப்படி. பென்டிரைவை பூட்டபிளாக்கி, கோப்புக்குப் பெயர் மாற்றி, ஓர் எழுத்துப் பிசகாமல் ஏறியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள். ஹரிநாத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை வெறும் எழுத்துக் கோப்புதான். அதை அவளே உட்கார்ந்து எழுதினாள். நாலு புள்ளி ரெண்டு, ஆறு இயந்திரம், வெற்றி. களக் குறிப்புகள் கட்டத்தைக் காலியாக விட்டாள். என்றைக்காவது ஓர் இயந்திரம் அரித்து விழும்போது பிடிபடுவோம் என்று தெரியும். வேலை போகும், வழக்குகூட வரலாம். பயமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கொட்டகைக்குப் போனபோது பரமகுரு ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். குமரன் வீதியில் அடைப்பு, பாத்திரக் கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம். முனிரத்தினத்தின் தோளில் சுருட்டிய கயிறு கிடந்தது. பரமகுரு சொல்லாமல் அது அங்கே வந்திருக்காது.

"கற்பூரம் கிற்பூரம் வெச்சா வாரண்டி கிடையாதுன்னு உங்க ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு," என்றார் அவளைப் பார்த்ததும். "மாப்பிள்ளை போகலன்னா வேற ஏற்பாடு பண்ணித்தானே ஆகணும். கடைக்காரர் கவுன்சிலரோட மச்சான்."

சகாயராணி வண்டியில் ஏற்றியிருந்த இயந்திரத்தின் மூடியைத் திறந்து, நீல மூடிப் பென்டிரைவைச் சொருகினாள். இரண்டு பொத்தானையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. ஐந்து விநாடி. பத்து விநாடி. பிறகு வெள்ளைக் கோடு தோன்றி நகர ஆரம்பித்தது.

ஏழாவது நிமிஷத்தில் பரமகுருவுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு, "போதும் மேடம், வண்டிய எடுக்கட்டும். மிச்சத்த அங்க வந்து பாத்துக்கங்க," என்று சொல்லிக்கொண்டே சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார். சகாயராணி எழுந்து போய் சுவிட்சுக்கு முன்னால் நின்றாள்.

"இப்ப அணைச்சா இது செத்துரும் சார். அப்புறம் நீங்கதான் எறங்கணும்."

பரமகுரு அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பெண் தன்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. யாரோ பின்னால் கனைத்தார்கள். அவர் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். மீதி நான்கு நிமிஷமும் அவள் சுவிட்சை விட்டு நகரவில்லை.

குமரன் வீதியில் பதினான்காம் குழியின் மூடியை நெம்பித் திறந்தபோது எழுந்த நாற்றத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். முகக்கவசங்கள் இரண்டும் ஸ்கூட்டர் பெட்டியிலேயே இருந்தன. பரமகுரு தெருமுனை டீக்கடைப் பக்கம் நின்றுகொண்டார். முனிரத்தினம் கயிற்றை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு இயந்திரத்தின் கால்களுக்கு எண்ணெய் போட்டார்.

"எறங்கிடுமா மேடம்?"

"எறங்கிடும். நான் போட்டது பழைய பதிப்பு. ஆபீஸுக்குத் தெரியாது."

"அப்ப கற்பூரம்?"

"தேவையில்லைங்க. இனி அதுக்கு நாத்தம் தெரியாது."

முனிரத்தினம் எண்ணெய்த் துணியை மடித்தார். கம்பிவலைக்குப் பின்னால் இருந்த கருவியைக் குனிந்து பார்த்தார்.

"எடுத்துட்டீங்களா, அந்த மூக்க."

"எடுத்துட்டேன்."

"பதினெட்டு வயசுல மொத தடவ எறங்கும்போது எனக்கும் வரல மேடம். காலு உள்ள போவல. எங்க மேஸ்திரி ஒரு குவாட்டர் வாங்கியாந்து குடுத்தாரு. குடிச்சிட்டு எறங்குடா, ஒண்ணும் தெரியாதுன்னாரு." அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. "அதுவும் இதே வேலதான்."

வேறு வழி இல்லையே என்று சகாயராணி சொல்ல நினைத்தாள். பரமகுருவிலிருந்து ஹரிநாத்வரை எல்லோரும் சொல்கிற வாக்கியம் அதுதான் என்பதால் சொல்லவில்லை.

முனிரத்தினம் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு வில்லைக் கற்பூரத்தை நசுக்கித் துணியில் முடிந்து, வலையில் பதனமாகக் கட்டினார்.

"அதுக்குத் தெரியாதுன்னு சொன்னேனேங்க," என்றாள் அவள்.

"இருக்கட்டும் மேடம்." அவர் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "எங்களுக்கும் தெரியாதுன்னுதான் ஊருல சொல்லிக்கினு இருந்தாங்க."

பிறகு ரிமோட் பெட்டியை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். மாப்பிள்ளை முறுக்கிக்கொள்ளாமல், விளிம்பில் ஒரு கணமும் நிற்காமல், உள்ளே இறங்கியது.